கரையின் பெயரோடு விற்கப்படும் மீன்: காரைக்குடிக் கடை ஒன்றைப் பற்றி

காரைக்குடியில் கடல் மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள். அந்த மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் ‘தொண்டிச் சரக்கு’ என்ற ஒரே பதில்தான் பல கடைகளில் கிடைக்கும். செக்காலைப் பகுதியில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடை இந்த ஒரு விஷயத்தில் தனித்து நிற்கிறது. பெயர்ப்பலகை கூட இல்லாத சிறிய கடை அது. தகரக் கூரையின் கீழ் இரண்டு கல் மேடைகள், பின்னால் ஐஸ் பெட்டிகள், ஓரத்தில் மீன் நறுக்கும் இடம், வாசலில் ஒரு கரும்பலகை. அந்தப் பலகையில் மீனின் பெயருக்கு எதிரே விலையை எழுதுவதற்கு முன்பாகக் கரையின் பெயரை எழுதுகிறார் கடைக்காரர்: மத்திக்குக் குளச்சல், ஒராவுக்குத் தொண்டி, நண்டுக்கு ஜெகதாப்பட்டினம், சூரைக்குச் சின்னமுட்டம்.

கடலியலைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் இந்தக் கடையைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். ஒரு மீனின் கொழுப்பும் சுவையும் ஐஸ் பெட்டியில் தீர்மானமாவதில்லை. அது மேய்ந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் எவ்வளவு வளர்ந்தன என்பதைப் பொறுத்தே பெரும்பகுதி தீர்மானமாகிறது. அந்த வளர்ச்சியோ காற்றையும், கரையை ஒட்டி ஆழம் குறைவாகப் பரந்து கிடக்கும் கடலடித் தரையான கண்டத்திட்டின் அமைப்பையும், ஆண்டின் மாதத்தையும் பொறுத்தது. ஆகவே கரையின் பெயரும் மாதமும் தெரிந்துவிட்டால், மீனைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் இந்தத் தகவலைத் தாமாகவே முன்வந்து தரும் வேறு கடையை நான் பார்த்ததில்லை.

பலகையில் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரை ஊர்களான குளச்சல் என்றும் தேங்காய்ப்பட்டணம் என்றும் எழுதியிருக்கும் மத்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவ மாதங்களில், இந்தியாவின் தென்மேற்குக் கரையை ஒட்டி, ஏறத்தாழ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் காற்று வீசுகிறது. காற்று தள்ளுகிற திசையிலேயே கடல்நீர் போய்விடுவதில்லை. பூமியின் சுழற்சி காரணமாக, வடகோளத்தில் மேல்மட்ட நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்கு வலப்புறமாகத் திரும்புகிறது. துருவக் கடலில் மிதக்கும் பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகிப் போவதை நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென் கவனித்துச் சொன்னதை அடிப்படையாகக் கொண்டு, ஸ்வீடன் நாட்டு அறிஞர் எக்மன் இதற்கான கணக்கை 1905இல் முழுமையாக வெளியிட்டார். தென்கிழக்கு நோக்கி வீசும் காற்றுக்கு வலப்புறம் என்பது தென்மேற்கு; கேரளக் கரையில் நின்று பார்த்தால் அது கரையை விட்டு விலகித் திறந்த கடலுக்குப் போகும் திசை. மேல்நீர் இவ்வாறு விலகிப் போக, அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கண்டத்திட்டின் சரிவு வழியாகக் குளிர்ந்த ஆழ்நீர் மேலேறி வருகிறது. இந்த மேலெழுச்சி தென்முனையில் முதலில் தொடங்கி, பருவம் முற்ற முற்றக் கொல்லம், கொச்சி, மங்களூர் என்று வடக்கே பரவுகிறது. உள்ளூர்க் காற்று மட்டுமே இதற்குக் காரணமன்று. வங்கக் கடலில் பிறந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, கரையை ஒட்டியே பயணம் செய்து வரும் நீண்ட அலைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆழ்நீரில் வெளிச்சம் கிடையாது. ஆனால் மேலிருந்து விழுந்து சிதைந்த உயிர்ப்பொருளின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அங்கே சேர்ந்து கிடக்கின்றன. வெப்பமண்டலக் கடலின் மேல்மட்டத்திலோ நிலைமை நேர்மாறானது: வெயிலுக்குப் பஞ்சமில்லை, சத்துகள்தான் எந்நேரமும் தீர்ந்துபோய் இருக்கும். மேலெழுச்சி இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. மிதவைத் தாவரங்கள் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் என்ற விகிதத்தில் தம் உடலைக் கட்டுகின்றன. அமெரிக்க அறிஞர் ரெட்ஃபீல்டு கண்டறிந்த இந்த விகிதத்துக்கு ஏறத்தாழப் பொருந்தும் அளவிலேயே ஆழ்நீரிலும் இச்சத்துகள் இருப்பதால், அந்த நீர் வெயிலுக்கு வந்ததும் வளர்ச்சிக்குத் தடை அதிகம் இருப்பதில்லை. இதில் முந்திக்கொள்பவை டயாட்டங்கள். சிலிக்காவால் ஓடு கட்டும் இந்த ஒற்றைச் செல் தாவரங்கள், சத்தும் ஒளியும் சேர்ந்து கிடைத்தால் நாளுக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ இரண்டாகப் பிரிந்து பெருகக்கூடியவை. எனவே ஒரு வாரத்துக்குள் நீரின் நிறமே மாறிவிடுகிறது.

காற்று எவ்வளவு பலமாக வீசுகிறதோ அவ்வளவு நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மென்காற்றில் ஆழ்நீர் போதுமான அளவு ஏறாது; கடுங்காற்றில் ஏறிய நீர் ஆழமாகக் கலங்கி, செல்கள் வெளிச்சத்தில் தங்க முடியாமல் போகும், அல்லது பெருகுவதற்குள் கண்டத்திட்டைத் தாண்டி வெளியே அடித்துச் செல்லப்படும். மேலெழுச்சிக் கடல்களில் மத்தி, நெத்திலி இனங்களின் குஞ்சுகள் பிழைப்பதற்கு நொடிக்கு 5 அல்லது 6 மீட்டர் அளவிலான காற்றே ஏற்றது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே கரையில் ஓராண்டு மத்தி குவிவதற்கும் மறு ஆண்டு காணாமல் போவதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி அந்தக் கல் மேடைக்கு வருவோம். இந்தக் கடையில் மத்தி வாங்கினால், நறுக்குகிறவரிடம் கேட்டு அதன் செவுள் மூடியை முழுவதும் திறந்து பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சிவந்த செவுள் இழைகளுக்கு எதிர்ப்புறத்தில், சீப்பின் பற்களைப் போன்ற வெளிர்நிற முட்கள் மிக நெருக்கமாக அணிவகுத்திருக்கும். வாய் வழியாக உள்ளே வந்த நீர் செவுள் வழியாக வெளியேறும்போது, அதில் உள்ள டயாட்டங்களை அந்த முட்களே வடிகட்டி நிறுத்துகின்றன. பக்கத்தில் கிடக்கும் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்தால் அந்த முட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். அது பிற மீன்களைத் துரத்தித் தின்னும் மீன், அதற்கு வடிகட்டி தேவையில்லை. பருவம் நன்றாக இருக்கும் காலத்தில் மத்தியின் குடலைக் கீறினால் பச்சையும் பழுப்பும் கலந்த கூழ் வெளிவரும். கடலின் தாவரத்துக்கும் நம் தட்டுக்கும் நடுவே ஒரேயொரு உயிர்தான் நிற்கிறது என்பதைக் கண்ணால் காண இதைவிடச் சிறந்த இடம் நம் ஊரில் இல்லை. ஃபிராஜிலாரியா என்ற டயாட்டம் மிகுந்து காணப்படும் ஆண்டுகளில் மத்தி வரத்தும் நன்றாக இருக்கும் என்று நம் கடல் ஆய்வாளர்கள் 1950களிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை நடத்திய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. அக்காலத்தில் காரைக்குடியும் மண்டபமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம் என்பதை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மத்தி பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை முட்டையிடுகிறது. முட்டையிட்டு முடித்த மீன் மெலிந்திருக்கும். அதன்பின் மேலெழுச்சியால் பெருகிய டயாட்டங்களை மேய்ந்து, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான மாதங்களில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் தசையில் உள்ள கொழுப்பு, மெலிந்த காலத்தில் சில விழுக்காடாகவும் கொழுத்த காலத்தில் 15 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருக்கும். இந்தப் பாடத்தை எல்லாம் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். ஆகஸ்டு கடைசியில் மத்தியை வறுக்கக் கேட்ட ஓர் ஆச்சியிடம், “ஆவணி மத்தி குழம்புக்குத்தான் ஆச்சி தோதுப்படும், வறுக்கணும்னா ஐப்பசி பொறக்கட்டும், எண்ணெயே ஊத்த வேணாம்” என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். விற்க வேண்டிய சரக்கைப் பற்றி இப்படி உண்மை சொல்லும் வியாபாரியை நம்பலாம். ஐப்பசியில் அவரிடம் வாங்கிய மத்தியை மிளகாய்த்தூளும் மிளகும் சோம்பும் அரைத்துத் தடவி இரும்புச் சட்டியில் போட்டபோது, அது தன் நெய்யிலேயே பொரிந்தது. சில நாட்களில் பலகையில் நாகப்பட்டினத்து மத்தியும் இருக்கும். 1990களிலிருந்து கிழக்குக் கரையிலும் மத்தி கணிசமாக அகப்படுகிறது. என் நாவுக்கு, அதே மாதத்தில் குளச்சல் மத்தியே உயர்ந்ததாகத் தெரிகிறது.

கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டத்தின் பெயர் எழுதியிருக்கும் சூரை, வஞ்சிரம், பாறை ஆகியவற்றின் கதை சற்று வேறு. இவை டயாட்டங்களைத் தின்பவை அல்ல; டயாட்டங்களைத் தின்பவற்றைத் தின்பவை. இவை கூடும் இடம், ஏறிவந்த குளிர்நீரும் வெளியே கிடக்கும் வெதுநீரும் சந்திக்கும் எல்லை. கடலியலார் முகப்பு என்று சொல்லும் இந்த எல்லையில், சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி மாறிவிடும். இரு பக்கத்து நீரும் ஒன்றை நோக்கி ஒன்று வந்து, கனமான நீர் இலகுவான நீரின் அடியில் நுழைகிறது. மிதப்பவை மட்டும் மேலேயே தங்கி வரிசையாகச் சேர்ந்துவிடுகின்றன. படகில் போகிறவர்களுக்கு இது நுரையும் மிதக்கும் கழிவும் நீளமாகக் கோடு கட்டி நிற்பதாகவும், கோட்டின் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். அந்தக் கோட்டை ஒட்டி ஓரிடத்தில் நீர் கீழிறங்குவதால் மற்றோரிடத்தில் மேலேறவும் செய்கிறது. எனவே அங்கே சத்துகள் ஒரு முறை வந்து தீர்ந்துவிடாமல் தொடர்ந்து வருகின்றன, மிதவைத் தாவரங்களும் சுற்றுப்புறத்தை விட அடர்த்தியாக வளர்கின்றன. நெத்திலியும் அயிலையும் அங்கே மேயக் கூடுகின்றன, சூரை அவற்றைத் தேடி வருகிறது. திட்டின் விளிம்பில், அதாவது சுமார் 200 மீட்டர் ஆழத்துக்கு அப்பால் தரை சட்டென்று சரியும் இடத்தில், இத்தகைய முகப்புகள் அடிக்கடி உருவாகின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே திட்டு அகன்று விரியும் வெட்ஜ் பேங்க் பகுதி இந்தக் காரணத்தாலேயே நாட்டின் வளமான மீன்பிடி இடங்களில் ஒன்றாக இருக்கிறது.

கடைக்காரரின் மைத்துனர் சின்னமுட்டத்தில் விசைப்படகுத் தொழிலில் இருக்கிறார். அவர்கள் புறப்படும் முன் பார்க்கும் மீன்வள அறிவிப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1999இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம், செயற்கைக்கோள்கள் அளக்கும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் வைத்து முகப்புகளை அடையாளம் கண்டு, ஒவ்வொரு மீன்பிடி கரையிலிருந்தும் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் மீன் கூட வாய்ப்புண்டு என்று தமிழிலும் அறிவிக்கிறது. டீசல் விற்கும் விலையில் தேடி அலையும் நேரத்தைக் குறைக்கும் மிகப் பயனுள்ள சேவை இது. ஆனால் வெப்பத்தையும் நிறத்தையும் அளக்கும் அந்தக் கருவிகள் கனத்த மேகத்தை ஊடுருவிப் பார்க்க மாட்டா. தென்மேற்குக் கரையில் மேலெழுச்சி உச்சத்தில் இருக்கும் மாதங்கள்தான் மேகம் மூடிக் கிடக்கும் மாதங்களும். மீன்பிடித் தடைக்காலத்தில் அறிவிப்பும் வெளியாவதில்லை. எனவே கடல் மிக வளமாக இருக்கும் வாரங்கள் செயற்கைக்கோளின் கண்ணுக்குப் பெரும்பாலும் படாமலேயே கழிகின்றன.

தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று எழுதப்பட்ட மீன்களுக்கு மேலே சொன்னவை எதுவும் பொருந்தாது என்பதை வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது. நமக்கு மிக அருகில், சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் பாக் விரிகுடா, பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்டது. அங்கே ஆழ்நீர் என்று ஒன்று இல்லை, ஆகவே அது மேலெழவும் வழியில்லை. வடகிழக்குப் பருவக்காற்று அடிமண்ணைக் கலக்கிச் சத்துகளை மேலே கொண்டுவருகிறது. அதைவிட முக்கியமாக, வெளிச்சம் தரைவரை எட்டும் இடங்களில் கடற்புற்கள் வளர்கின்றன. அங்கே மேய்ச்சல் பெரிதும் தரையில் நடக்கிறது. ஒரா மீனின் குடலை நறுக்குகிறவர் எடுத்துப் போடும்போது பார்த்தால், நீண்டு சுருண்ட அந்தக் குடல் பச்சை நிறமாக இருக்கும். அதை அவர் உடனே, உடையாமல் எடுத்துவிடுகிறார். நேரமானால் அதன் வாடை சதைக்கு ஏறிவிடும். அதற்கும் முன்பாக முதுகு முள்ளையும் அடிமுள்ளையும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார், ஏனெனில் அந்த முட்கள் குத்தினால் நஞ்சேறிக் கடுத்துப்போகும். இவ்வளவு பக்குவமாக ஒராவைச் சுத்தம் செய்து தரும் கை காரைக்குடியில் அரிது. நண்டு, இறால், கணவாய், காரல் ஆகியவற்றுக்கும் தொண்டிப் பக்கத்துக் கரையே சிறந்தது. செட்டிநாட்டு நண்டு மசாலாவுக்குக் குளச்சலைத் தேடிப் போக வேண்டிய தேவையில்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரு வாரங்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறிதளவு மீன் மட்டுமே கிடைக்கும். அந்த நாட்களில் பலகையில் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் இருப்பதில்லை. காலியான மேடையைக் குளிர்பதனக் கிடங்கு மீனால் நிரப்பாமல் விடுவது இந்தக் கடையின் நேர்மைக்குச் சான்று என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. கரையின் பெயரை எழுதுகிறவர் பிடித்த நாளை எழுதுவதில்லை. குளச்சலிலிருந்து காரைக்குடிக்கு ஓர் இரவுப் பயணம் போதும் என்றாலும், படகு கடலில் தங்கிய நாட்கள் அதற்கு முன்னால் இருக்கின்றன. சூரை, அயிலை, மத்தி ஆகிய மீன்கள் ஐஸ் குறைந்தால் விரைவில் கெட்டு ஒவ்வாமை போன்ற உபாதையை உண்டாக்கக்கூடியவை என்பதால், அந்த ஒரு தகவல் பலகையில் அவசியம் இருக்க வேண்டும். இதைவிட எனக்கு வருத்தம் தருவது பொடி மத்தி. சில நாட்களில் விரல் நீளத்துக்கும் குறைவான மத்திக் குஞ்சுகள் கூறு கட்டி விற்கப்படுகின்றன. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது, அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,500 டன்னுக்கும் குறைவு. இந்த வீழ்ச்சியில் கடலின் மாற்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு: பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நம் கடலிலும் நீர் சூடேறுகிறது, காற்றும் மேலெழுச்சியும் பிசகுகின்றன, டயாட்டங்கள் உரிய வாரத்தில் பெருகாவிட்டால் அப்போது முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு இரையில்லை. காற்றை நாம் திருத்த முடியாது. தப்பிப் பிழைத்த குஞ்சுகளை வளரவிடுவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். “வாங்குற ஆள் இருக்காகளே அண்ணே” என்றார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கரையின் பெயரைச் சொல்லி மக்களின் கேட்கும் பழக்கத்தை மாற்றியவருக்கு, பொடி மத்தியை மேடையில் ஏற்றாமல் இருக்கவும் முடியும்.

விலை மற்ற கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். வஞ்சிரத்திலும் நண்டிலும் அது நன்றாகவே தெரியும், மத்தியிலும் ஒராவிலும் அவ்வளவாகத் தெரியாது. நறுக்குவதற்குத் தனிக் கூலி இல்லை. வெளியூர்ச் சரக்கு விடியற்காலையிலும் தொண்டிச் சரக்கு அதற்குச் சற்றுப் பின்னாலும் வருவதால், இரண்டையும் பார்த்து வாங்க விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம், ஒராவை அவசரத்தில் நறுக்குவார்கள். வேலை நாட்களில் போவது நல்லது. மத்தி வாங்க எண்ணுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பலகையில் குளச்சல் என்று இருக்கிறதா எனப் பார்த்து, உள்ளங்கை நீளத்துக்குக் குறையாத மீனாகக் கேட்டு வாங்கலாம்.